கைபிடி முதல் தொலைவிசை வரை

பழைய ஒஸ்டின் காரையோ மொறிஸ் மைனர் காரையோ வீதியோரத்திற் காணும்போது அதன் முன்புறத்தைச் சற்றுக் குனிந்து பாருங்கள். இலக்கத் தகட்டுக்கு அண்மையில் ஒரு சிறு துவாரம் இருக்கும். அது காற்றுக்காக வைத்ததன்று. நீர் வடிவதற்காக வைத்ததுமன்று. வளைந்த இரும்புக் கைபிடி ஒன்றை அதனூடே செலுத்தி, உள்ளே இருக்கும் யந்திரத் தண்டின் பல்லிற் கொளுவி, கையாற் சுற்றி யந்திரத்தை ஓடச் செய்வதற்கென வைத்த துவாரம் அது. சாரதிகள் இதனை ‘ஹான்டில் போடுதல்’ என்பார்கள். நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் தெருவில் இருந்த லொறிச் சாரதி ஒருவரின் வலது மணிக்கட்டு சற்றுக் கோணலாக இருக்கும். அது பிறவிக் கோணல் என்றே எண்ணியிருந்தேன். அது ஹான்டில் திருப்பி அடித்த அடி என்று பின்னரே அறிந்தேன்.

நேயர்களே, இன்றைய பேச்சு அத்துவாரத்திலே தொடங்குகிறது. வீட்டினுள் இருந்தவாறே ஒரு பொத்தானை அழுத்தி, வாசலில் நிற்கும் காரை இயங்கச் செய்யும் தொலைத்தொடக்கியில் வந்து முடிகிறது. ‘ரிமோட் ஸ்டார்ட்டர்’ என்று விற்கப்படும் இக்கருவியைப் புதிய கார்களிற் பல பிறக்கும்போதே கொண்டு வருகின்றன. பழைய காருக்கோ அதைத் தனியே வாங்கிப் பூட்டுதல் வேண்டும். சில கம்பிகளை இணைத்தால் முடிந்துவிடும் சிறு வேலை என்று பலர் எண்ணுகின்றனர். கம்பிகள் சிலவே என்பது மெய். ஆயினும் அவ்வேலையிற் செய்யப்படும் ஒவ்வோர் இணைப்புக்கும் பின்னால் ஒரு பழைய விபத்து இருக்கிறது. அதை அறியாமற் பூட்டிய சிலர், ஆளில்லாத தங்கள் கார் தானே முன்னால் பாய்ந்து சுவரில் மோதக் கண்டிருக்கிறார்கள்.

யந்திரத்தை ஓடத் தொடங்கச் செய்வது ஏன் இத்துணைப் பெரிய காரியமாயிற்று? நீராவி யந்திரத்தில், கொதிகலத்தில் ஆவி நிறைந்திருந்தால், வால்வைத் திறந்த மாத்திரத்தில் அது முசலத்தைத் தள்ளும். மின்மோட்டாரோ மின்னைப் பெற்ற கணமே சுழலும். பெற்றோல் யந்திரம் அவ்வாறன்று. அதன் முசலம், அதாவது பிஸ்டன், முதலிற் காற்றையும் பெற்றோல் ஆவியையும் உள்ளிழுத்தல் வேண்டும். பின் அவற்றை நெருக்குதல் வேண்டும். அதன் பின்னரே தீப்பொறி பட்டு வலு உண்டாகும். ஓடினால்தான் வலு வரும், வலு வந்தால்தான் ஓடும் என்பது அதன் நிலை. ஆதலின் முதற் சில சுற்றுகளை வேறெவரேனும் கடனாகக் கொடுத்தாக வேண்டும். ஆரம்ப காலத்தில் அக்கடனைக் கொடுத்தது மனிதனுடைய கை.

இக்குறையின் பாரத்தை ஓர் எண் கணக்கிற் காணலாம். 1900 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிற் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகள் 4,192. அவற்றுள் நீராவியால் ஓடியவை 1,681; மின்னால் ஓடியவை 1,575; பெற்றோலில் ஓடியவை 936 மட்டுமே. ஓசையும் நாற்றமும் இதற்குக் காரணங்களாயின. முன்னால் நின்று சுற்ற வேண்டிய அந்தக் கைபிடியும் ஒரு காரணமாயிற்று.

1908 இல் வெளிவரத் தொடங்கி 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பனையான போர்ட் ‘ரி’ மொடல் காரை ஒருவர் எவ்வாறு ஓடச் செய்தார் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். முதலிற் கைப்பிரேக்கு நெம்பை முழுவதும் பின்னே இழுக்க வேண்டும். அது சில்லுகளைப் பிடிப்பதோடு கியரையும் விடுவித்துவிடும். அடுத்து, சுக்கானின் கீழே இருக்கும் இரு சிறு நெம்புகளுள் இடப்புறத்ததை மேலே தள்ள வேண்டும். தீப்பொறி பிந்தி எழ வேண்டும் என்பது அதன் கருத்து. வலப்புற நெம்பினால் எரிபொருளைச் சற்றுக் கூட்ட வேண்டும். பின்னர் இறங்கி முன்னே சென்று, ரேடியேற்றருக்கு அருகே வளையமிட்டு நீண்டிருக்கும் கம்பியை இழுத்து, குளிர்ந்த யந்திரத்துக்குச் செறிவான ஆவியை ஊட்ட வேண்டும். அதன் பிறகுதான் கைபிடி. அதைக் கீழ்நோக்கி அழுத்தலாகாது. மேல்நோக்கி இழுக்கவே வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே வைத்துப் பற்றலாகாது. நான்கு விரல்களின் பக்கமாகவே மடித்து வைத்தல் வேண்டும்.

இந்த விதிகளெல்லாம் அனுபவம் எழுதிய விதிகள். தீப்பொறி நெம்பை மேலே தள்ள மறந்தவருக்கு, முசலம் உச்சிக்கு ஏறுமுன்னரே உள்ளே வெடி எழும். யந்திரம் எதிர்ப்புறமாகச் சுழலும். இரும்புக் கைபிடி அதே வேகத்தில் திரும்பும். பெருவிரல் எதிரே இருந்தால் அது கைபிடியோடு போகும். மேலே இழுத்தவரின் விரல்கள் பெரும்பாலும் விடுபட்டுவிடும். கீழே அழுத்தியவரின் முழங்கை வரை அந்த அடி ஏறும். மணிக்கட்டின் பெருவிரற் பக்கத்து எலும்பு முறியும் ஒருவகை முறிவுக்கு வைத்தியர்கள் ‘சாரதி முறிவு’ என்றே பெயரிட்டனர். அப்பெயர் மருத்துவ நூல்களில் இன்றும் இருக்கிறது. அதைப் படிக்கும் மாணவருட் பலர் ஒரு கைபிடியைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்கள்.

குளிர் நாட்டில் இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று இருந்தது. ‘ரி’ மொடலின் கிளச்சுத் தட்டுகள் எண்ணெயிலே தோய்ந்திருப்பவை. உறைபனிக் காலையில் அந்த எண்ணெய் பாகுபோல் இறுகி, விடுபட்டிருக்க வேண்டிய தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். யந்திரம் ஓடத் தொடங்கியதும் கார் மெல்ல முன்னேறும். முன்னே நிற்பவர் யார்? அதைச் சுற்றியவரே. இதற்கஞ்சிக் குளிர்காலத்தில் ஒரு பின்சில்லை ஜக்கினால் நிலத்திலிருந்து உயர்த்திவிட்டு, அதன் பின்னரே கைபிடியைத் தொட்டவர்கள் பலர்.

அமெரிக்காவின் மோட்டார் வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு துயரக் கதை உண்டு. பைரன் காற்றர் என்பவர் கார் செய்யும் தொழிலதிபர். டெட்ரோயிட் நகரில், வழியிலே நின்றுபோன ஒரு பெண்மணியின் கடிலாக் காருக்கு உதவச் சென்று கைபிடியைச் சுற்றினாராம். அது திரும்பி முகத்திலடித்துத் தாடையை உடைத்ததாம். அதன் தொடர்ச்சியாக அவர் மாண்டார் என்பது கதை. 1908 இல் அவர் இறந்தார் என்பதும், மரணத்துக்கு நியூமோனியாக் காய்ச்சல் காரணமாயிற்று என்பதும் உறுதி. ஏனைய விவரங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. அவற்றை முழுச் சரித்திரமாகக் கொள்ள நான் துணியேன். ஆனால் கடிலாக் நிறுவனத்தின் தலைவரான ஹென்றி லீலண்ட், கைபிடியை ஒழித்தே தீர்வதென்று முனைந்தார் என்பதில் ஐயமில்லை. அவர் நாடிய மனிதர் சார்ள்ஸ் கெற்றரிங்.

மின்மோட்டாரைக் கொண்டு யந்திரத்தைச் சுற்றலாம் என்ற எண்ணம் கெற்றரிங்குக்கு முன்னரே தோன்றியதுதான். 1896 இல் இங்கிலாந்திலே டவுசிங் என்ற மின்பொறியியலாளர் ‘ஆர்ணல்ட்’ வண்டி ஒன்றிலே அத்தகைய மோட்டாரைப் பொருத்தினார். 1903 இல் கிளைட் கோல்மன் என்ற அமெரிக்கர் அதற்குக் காப்புரிமை பெற்றார். நெருக்கிய காற்றைப் பயன்படுத்தியோரும், முறுக்கிய வில்லைப் பயன்படுத்தியோரும் இருந்தனர். தடையாக நின்றது மோட்டாரின் பருமன். குளிர்ந்து இறுகிய யந்திரத்தைச் சுற்றக்கூடிய மோட்டாரையும், அதற்கேற்ற பற்றரியையும் கணக்கிட்டால், அவற்றைச் சுமக்கவே வேறொரு வண்டி வேண்டும்போல் இருந்தது.

கெற்றரிங் 1876 இல் ஒஹாயோ மாநிலத்துக் கமக்காரக் குடும்பம் ஒன்றிலே பிறந்தவர். கண்பார்வை குறைவினாற் கல்லூரிப் படிப்பை இடையிடையே நிறுத்தி, 1904 இல் பட்டம் பெற்றார். பின்னர் டேய்ற்றன் நகரில், கடைகளுக்குப் பணப்பதிவு யந்திரம் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தார். அக்காலத்துப் பணப்பதிவு யந்திரத்தைக் கடைக்காரர் கையாலே சுற்றித்தான் திறந்தார். அதற்கு மின்மோட்டார் பூட்டியவர் கெற்றரிங். அங்கே அவர் கற்ற பாடம் சிறியது. ஆனால் அதுவே பிற்காலத்திற் பலித்தது. மேசைப் பெட்டி திறக்கக் கணப்பொழுதே ஆகும். அக்கணத்துக்கு மட்டும் சிறிய மோட்டாரிடமிருந்து அதன் தகுதிக்கு மிஞ்சிய வேலையை வாங்கலாம். சூடேறிக் கருகுமுன் அது ஓய்ந்துவிடும். கார் யந்திரத்துக்கும் வேண்டியது கணநேர உதவிதானே! நாள் முழுவதும் உழைக்கும் மோட்டாரைக் கற்பனை செய்தவர்கள் கோட்டைவிட்ட இடம் அது.

1909 இல் நண்பர் எட்வேட் டீட்ஸ் என்பவருடன் ‘டெல்கோ’ என்னும் நிறுவனத்தை அவர் அமைத்தார். டீட்ஸின் வீட்டுப் பின்புறத்துக் களஞ்சியக் கொட்டகையே தொடக்க காலத்தில் அவர்களுடைய ஆய்வுகூடம். 1911 பெப்ரவரியில் மின்தொடக்கி பொருத்திய கார் கடிலாக் நிறுவனத்துக்குக் காட்டப்பட்டது; 1912 ஆம் ஆண்டு மொடல்களில் அது இடம்பெற்றது. அதே மோட்டார், யந்திரம் ஓடத் தொடங்கியதும் வேடம் மாறி மின்னாக்கியாகிப் பற்றரிக்கு மின் ஊட்டியது, விளக்குகளையும் எரித்தது. வாங்கிய கடனை யந்திரம் பற்றரிக்குத் திருப்பிக் கொடுக்க வைத்ததே அந்த அமைப்பின் சிறப்பு. ஆங்கிலத்திலே ‘செல்ப் ஸ்டார்ட்டர்’ எனப்பட்ட அதனை நம் சாரதிகள் ‘செல்ப்’ என்று ஒரே சொல்லிற் சுருக்கிவிட்டார்கள்.

செல்ப் வந்ததாற்றான் பெண்கள் கார் ஓட்ட வந்தார்கள் என்று எழுதுவோர் பலர். அது பாதி உண்மை. கைபிடியைச் சுற்றிக் கண்டங்களைக் கடந்த பெண்கள் அதற்கு முன்னரே இருந்தார்கள். 1909 இல் அலிஸ் ராம்சே என்ற இளந்தாய் நியூயோர்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை ஓட்டிச் சென்றவர். விளம்பரம் எழுதியோருக்குப் பெண்ணின் மென்மை வசதியாயிற்று. மணிக்கட்டு முறிந்தவர்களுட் பெரும்பாலோர் ஆண்கள் என்பதை அவர்கள் எழுதவில்லை.

ஹென்றி போர்ட் செல்புக்கு அவசரப்படவில்லை. ‘ரி’ மொடலுக்கு அது 1919 இலேதான் வந்தது. அதற்கிடையிற் கைபிடியோடு விற்கப்பட்ட கார்கள் இலட்சக்கணக்கானவை. அவற்றின் உடைமையாளர்கள் அயலவரின் புதிய காரைக் கண்டு ஏங்கினர். அந்த ஏக்கத்தை நம்பி ஒரு வியாபாரமே எழுந்தது. இருக்கையிலிருந்தபடியே இழுக்கும் நெம்புகள், முறுக்கிவைத்து விடுவிக்கும் விற்சுருள்கள், தண்டோடு சங்கிலியால் இணைக்கும் மின்மோட்டார்கள் எனப் பலவகைத் தொடக்கிகள் தனியே விற்பனைக்கு வந்தன. பழைய காருக்குப் புதிய தொடக்கியைப் பூட்டும் கதை அன்று ஆரம்பித்தது.

ஆனால் கைபிடியைச் சுற்றியவர் சுற்றிய வேலை மாத்திரமா செய்தார்? அவர் காரைச் சுற்றி நடந்தார். பிரேக்கு இழுத்திருக்கிறதா, கியர் விடுபட்டிருக்கிறதா, தீப்பொறி நெம்பு மேலே இருக்கிறதா என்று பார்த்தார். பார்க்கத் தவறினால் அடி அவருக்கே விழும், ஆதலாற் பார்த்தார். காரின் முன்னே சிறு பிள்ளை நின்றால் அதைக் காணாமல் இருக்க முடியாது. தொடக்கி மனிதனை இருக்கைக்கு அனுப்பியபோது இக்கேள்விகளிற் பல கேட்கப்படாமற் போயின. தானியங்கிக் கியர் பரவிய காலத்தில், கியர் விடுபட்டாலன்றிச் செல்ப் சுழலாதவாறு ஒரு காவல் ஆளியை அமைத்தார்கள். மனிதன் கேட்க மறந்த கேள்வியை மின்கம்பி கேட்கத் தொடங்கியது. 1949 இற் கிறைஸ்லர் நிறுவனம் திறப்பைத் திருப்பினாலே செல்ப் சுழலும் முறையைக் கொணர்ந்தது. அதன் பின் காரைத் தொடக்க ஒரு கையின் இரு விரல்களே போதுமாயின.

கைபிடி அதனால் உடனே மறைந்துவிடவில்லை. பிரித்தானியக் கார்களில் 1960 களிலும் அத்துவாரம் இருந்தது. 1990 களில் யாழ்ப்பாணத்திற் பெற்றோலும் பற்றரியும் கிடைத்தற்கரியவையான நாட்களை நேயர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அன்று மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த யந்திரத்தில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிற் பொத்திவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு ஓடச் செய்து, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பற்றரி தளர்ந்த கார்களுக்குக் கைபிடி மீண்டும் துணையாயிற்று.

இனித் தொலைத்தொடக்கிக்கு வருவோம். அது பிறந்ததற்குக் காரணம் குளிர். பூச்சியத்துக்குக் கீழே 18 பாகைக் குளிரில் ஈயப் பற்றரியின் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். எண்ணெயோ இறுகி இருமடங்கு வேலை கேட்கும். வட டக்கோட்டா மாநிலத்தில் அன்ட்ரூ ஃப்ரீமன் என்பவர், இரவெல்லாம் யந்திரத்தை இளஞ்சூட்டில் வைத்திருக்கும் மின்சூடாக்கிக்கு 1949 இற் காப்புரிமை பெற்றார். அது யந்திரத்துக்கு உதவிற்று. உறைந்த இருக்கையில் அமரும் மனிதனுக்கு உதவவில்லை. 1980 களில் வானொலி அலையால் இயங்கும் தொலைத்தொடக்கிகள் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கடைகளுக்கு வந்தன. தொழிற்சாலையிலேயே அதைப் பொருத்தி விற்ற முதற் காராகக் கருதப்படுவது 2004 ஆம் ஆண்டு செவர்லே மலிபு. அதற்கு முந்திய கார்களுக்கெல்லாம் கராஜ் தொழிலாளியின் கைதான் தொழிற்சாலை.

அவர் செய்வது என்ன? திறப்பு ஆளியின் பின்னாலுள்ள கம்பிகளைத் தேடி, திறப்பைத் திருப்பும்போது எவை எந்த ஒழுங்கில் மின் பெறுகின்றனவோ, அதே ஒழுங்கில் ஒரு சிறு பெட்டி அவற்றுக்கு மின் கொடுக்குமாறு இணைக்கிறார். இது வேலையிற் பாதி. யந்திரம் ஓடத் தொடங்கிவிட்டதா என்பதைப் பெட்டி அறிய வேண்டும். அறியாவிடிற் செல்பைச் சுழற்றிக்கொண்டே இருந்து அதன் பற்களை அழித்துவிடும். சாரதியின் காது செய்த அந்த வேலைக்காகச் சுழற்சி வேகத்தை அறிவிக்கும் கம்பி ஒன்றைப் பெட்டியோடு இணைக்கிறார். முகப்பு மூடி திறந்திருந்தால் இயங்காதபடி அங்கே ஓர் ஆளி. உள்ளே குனிந்து வேலை செய்பவரின் விரலை விசிறி கொய்யாமல் இருப்பதற்கு அது. பிரேக்கை மிதித்தால் யந்திரம் நின்றுவிடும்படி இன்னொரு கம்பி. திறப்பில்லாமற் காரைக் கவர்ந்து செல்வதை அது தடுக்கும். காபரேற்றர் உள்ள மிகப் பழைய கார் என்றால் பெட்டி தோற்றுவிடுவதே வழக்கம். குளிர்ந்த யந்திரத்துக்கு முதலில் அக்சிலேற்றரை மிதித்துச் செறிவான ஆவி ஊட்ட வேண்டும். பெட்டிக்குக் கால் இல்லை.

கையாற் கியர் மாற்றும் காரே எல்லாவற்றிலும் கடினமானது. அத்தகைய காரைக் கியரில் விட்டு நிறுத்துவது சரிவான இடங்களில் நல்ல பழக்கம். அதே நல்ல பழக்கம் தொலைத்தொடக்கிக்கு எமனாகும். பொத்தானை அழுத்தியதும் செல்பே காரை முன்னே இழுத்துச் சென்றுவிடும். இதற்குக் கண்டுபிடித்த உபாயம் என்னை வியக்கச் செய்தது. சாரதி காரை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறப்பை எடுத்துவிடுகிறார். பெட்டி யந்திரத்தைத் தொடர்ந்து ஓட வைக்கிறது. அவர் இறங்கிக் கதவுகளைப் பூட்டிய பின்னரே பெட்டி அதை நிறுத்துகிறது. உள்ளே ஆள் இல்லாமல், கிளச்சை மிதிக்காமல், யந்திரம் ஓட, கார் அசையாமல் நின்றது என்றால் கியர் விடுபட்டிருக்கிறது என்பது நிரூபணம். அதன் பின் எந்தக் கதவாவது திறந்தால் அந்த நிரூபணம் செல்லாது. பொத்தானுக்குப் பெட்டி பணியாது. ‘ரி’ மொடலின் முன்னே நின்றவர் ஒரு பார்வையில் அறிந்ததை அறிய இத்துணை ஏற்பாடு!

திருட்டுக் காவலும் குறுக்கே நிற்கும். 1986 இல் கோர்வெற் காரின் திறப்பிலே ஒரு சிறு மின்தடையைப் பதித்தார்கள். பதினைந்து அளவுகளுள் அந்தக் காருக்குரிய அளவு அமைந்தாலன்றி யந்திரம் ஓடாது. தொலைத்தொடக்கி பூட்டுபவர் அத்தடையை அளந்து, அதற்கு ஒப்பான இன்னொன்றைக் காருக்குள் வைக்க வேண்டியவரானார். பின்னர் வந்த கார்களின் திறப்புகளில் இலத்திரனியற் சில்லு இருந்தது. பலர் ஒரு முழுத் திறப்பையே டாஷ்போர்டின் பின்னால் ஒளித்து வைத்தனர். வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியை வாசற்படியின் கீழ் வைப்பதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை எனக்குத் தோன்றவில்லை.

மற்றொரு கேள்வியை எந்தக் கம்பியும் கேட்பதில்லை: கார் எங்கே நிற்கிறது? வீட்டோடு ஒட்டிய கராஜின் கதவு மூடியிருக்க, சட்டைப் பையிலிருந்த பொத்தான் தவறி அழுந்தினாலும் யந்திரம் ஓடும். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமற்றது, மணமற்றது, உறங்குபவரை எழுப்பாது. குறித்த நிமிடங்களின் பின் யந்திரம் தானே நிற்குமாறு பெட்டியை அமைப்பது இதனாற்றான். அந்நிமிடங்களே போதிய தீங்கு செய்யக்கூடும். ஜேர்மனியில் யந்திரத்தைத் தேவையின்றி ஓடவிடுவதே வீதிச் சட்டத்துக்கு மாறானது.

தொழிலறிந்த கராஜ்காரர் வேலை முடிந்ததும் காரை உடனே ஒப்படைக்கமாட்டார். முகப்பு மூடியைத் திறந்து வைத்துப் பொத்தானை அழுத்துவார். கார் மௌனமாக இருத்தல் வேண்டும். மூடியை மூடிவிட்டுக் கியரை ஓட்டும் நிலையிலே வைத்து அழுத்துவார், அப்போதும் மௌனம். மூன்றாவதாகக் கியரை விடுவித்து, யந்திரம் ஓடும்போது பிரேக்கை மிதிப்பார். யந்திரம் நிற்க வேண்டும். இச்சோதனைகளின்போது, சில்லுகளுக்கு முன்னாற் கட்டை வைத்திருப்பார். காரின் முன்னே எவரையும் நிற்கவிடமாட்டார், தாமும் நிற்கமாட்டார்.